உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இன்ஃபெக்ஷனை ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்குது?

காய்ச்சல் மூணு வாரமா விட்டு விட்டு வருது, சாயங்காலமானா குளிர் நடுக்கம், ராத்திரி வேர்த்துக் கொட்டி தலகாணி நனையுது, எடையும் குறையுது. ஆனா சளி இல்ல, இருமல் இல்ல, யூரின் போறப்ப எரிச்சல் இல்ல, வெளிய தெரியுற மாதிரி ஒரு புண்ணு கூட இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்தா, உள்ள வீக்கம் இருந்தா ஏறுற இஎஸ்ஆர், சிஆர்பிங்கிற ரெண்டு அளவும் எகிறி நிக்குது, அதாவது உடம்பு உள்ள எதோடயோ மல்லுக்கட்டிட்டு இருக்குன்னு ரத்தம் சொல்லுது, எந்த எடத்துலன்னு மட்டும் அதுக்குச் சொல்லத் தெரியல. அந்த எடத்தைத் தேடத்தான் ஸ்கேன்.

இந்த மாதிரி காரணம் தெரியாத நாள்பட்ட காய்ச்சலுக்கு 1961லயே பீட்டர்ஸ்டார்ஃப், பீசன்னு ரெண்டு டாக்டருங்க ஒரு வரையறை போட்டாங்க: 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல பல தடவை வரணும், மூணு வாரத்துக்கு மேல நீடிக்கணும், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தும் காரணம் பிடிபடாம இருக்கணும். அப்போ சிடியும் கிடையாது எம்ஆர்ஐயும் கிடையாது, வயித்துக்குள்ள சீழ் கட்டியிருக்கான்னு பாக்கணும்னா வயித்தைத் திறந்துதான் பாக்கணும். இன்னிக்கு நாம சலிச்சுக்கிட்டே போய்ப் படுக்கிற அந்த ஸ்கேன் மெஷின் எவ்வளவு பெரிய வரம்னு இதை நெனச்சா புரியும்.

முதல்ல ஒண்ணு மனசுல நல்லா ஏத்திக்கணும், ஏன்னா பாதிக் குழப்பம் இங்கதான் வருது. நாம சாதாரணமா எடுக்கிற எந்த ஸ்கேன்லயும் கிருமி தெரியாது. ஒரு பாக்டீரியாவோட அளவு சுமாரா ஒரு மைக்ரோமீட்டர், மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு, அதைப் பாக்குற அளவுக்கு எந்த சிடிக்கும் எம்ஆர்ஐக்கும் கண்ணு கூர்மை இல்ல. அப்போ ஸ்கேன் என்னதான் காட்டுது? கிருமி வந்ததால உடம்பு படுற பாட்டைக் காட்டுது. வீட்டுல எலி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறோம், எலி கண்ணுல படுறதே இல்ல, கடிச்ச மூட்டையையும் சிந்திக் கிடக்கிற தானியத்தையும் பாத்துத்தான் சொல்றோம் இல்லையா, அதே கதைதான். நீர் கோத்து வீங்கினது, சீழ் சேந்தது, எலும்பு கரைஞ்சது, வெள்ளை அணுக்கள் கூட்டமா வந்து குவிஞ்சது, அந்த அணுக்கள் அகோரப் பசியில சர்க்கரையை வாரி வாரித் தின்னுறது, இதெல்லாம்தான் தடயம். எந்தத் தடயத்தைத் தேடுறோமோ அதுக்கேத்த ஸ்கேனை எடுக்கணும், அதனால "எல்லாத்தையும் காட்டுற மாதிரி ஒரே ஸ்கேனா எழுதிக் குடுங்க டாக்டர்"னு கேட்டா அவங்களால குடுக்க முடியாது, அப்படி ஒண்ணு இல்ல.

ஸ்கேன்ல பெருசா ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு உறுப்போட உருவத்தைக் காட்டுறது: எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ. இன்னொண்ணு அந்த எடத்துல என்ன வேலை நடக்குதுன்னு காட்டுறது: எலும்பு ஸ்கேன், வெள்ளை அணு ஸ்கேன், பெட் (PET) ஸ்கேன். ரெண்டாவது வகையை நியூக்ளியர் மெடிசின்னு சொல்லுவாங்க.

உருவம் காட்டுறதுல எக்ஸ்ரேவும் அல்ட்ராசவுண்டும்தான் முதல் படி. நிமோனியா, நுரையீரல் டிபி இதெல்லாம் பெரும்பாலும் நெஞ்சு எக்ஸ்ரேலயே மாட்டும். கல்லீரல்ல சீழ் கட்டி, பித்தப்பை வீக்கம், சிறுநீரகம் அடைச்சு வீங்கினது, இதுக்கெல்லாம் அல்ட்ராசவுண்ட் அருமையான கருவி, கதிர்வீச்சே கிடையாது, கட்டில் பக்கத்துலயே கொண்டு வந்து பாக்கலாம், திரையில பாத்துக்கிட்டே ஊசியை விட்டு சீழை எடுத்துடவும் செய்யலாம். ஆனா எலும்புன்னு வந்துட்டா எக்ஸ்ரே ரொம்ப லேட்டு. எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்துல கிட்டத்தட்ட 30லேந்து 50 சதவீதம் கரைஞ்சாத்தான் எக்ஸ்ரேல கண்ணுக்குத் தெரியும், அதுக்குப் பத்து நாள் பதினஞ்சு நாள் ஆயிடும். அதுக்குள்ள எடுத்த எக்ஸ்ரேல "நார்மல்"னு வந்துடுச்சேன்னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்காகத்தான்.

சிடியில கைல ஊசி போட்டு அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்துவாங்க, உடம்பு முழுக்க சூடா ஒரு அலை ஓடுற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், சில நொடியில போயிடும். சீழ் கட்டியைச் சுத்தி உடம்பு ஒரு சுவர் எழுப்பும், அந்தச் சுவத்துல புது ரத்தக் குழாய்ங்க நெறைய இருக்கும், அதனால கான்ட்ராஸ்ட் அங்க போய்ச் சேந்து ஓரம் வெள்ளையா மின்னும், நடுவுல இருக்கிற சீழுக்கு ரத்த ஓட்டம் இல்லாததால அது கறுப்பா நிக்கும். வெள்ளை வளையம் போட்ட மாதிரி இருக்கிற அந்தப் படத்தை ஒரு தடவை பாத்தா மறக்கவே மறக்காது. சில நேரம் நடுவுல சின்னச் சின்னக் காத்துக் குமிழியும் தெரியும், ஆபரேஷனோ ஊசியோ பண்ணாத எடத்துல, குடல்ல ஓட்டையும் இல்லாதப்ப அப்படிக் காத்து தெரிஞ்சா காத்து உண்டாக்குற கிருமி உள்ள இருக்குன்னு சந்தேகப்படுவாங்க.

எம்ஆர்ஐயோட பலம் தண்ணி. இன்ஃபெக்ஷன் தொட்ட எடத்துல முதல்ல நடக்குறதே நீர் கோக்குறதுதான், அதை எம்ஆர்ஐ சில நாள்லயே பிடிச்சுடும், எக்ஸ்ரே மாதிரி எலும்பு கரையிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. முதுகெலும்பு இன்ஃபெக்ஷனுக்கு அதனாலதான் எம்ஆர்ஐயை முதல்ல எழுதுறாங்க. ஒரு உதாரணத்துக்கு, அறுபது வயசுக்காரர் ஒருத்தருக்கு ரெண்டு மாசமா முதுகு வலி, எல்லாரும் வயசாச்சு தேய்மானம்னு சொல்லிட்டாங்க, ஆனா அந்த வலி படுத்தாலும் விடல, ராத்திரிதான் அதிகம், கூடவே லேசா காய்ச்சல், சிஆர்பி ஒசந்திருக்கு. எம்ஆர்ஐ எடுத்தா ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கும் அதுக்கு மேலயும் கீழயும் ஒட்டி இருக்கிற எலும்பும் சேந்து பளிச்சுனு தெரியுது. சாதாரணத் தேய்மானத்துல டிஸ்க் காஞ்சு கறுத்துத் தெரியும், இங்க ஈரமா வெளுத்துத் தெரியுது, வித்தியாசம் அங்கதான். புற்றுநோய் பரவினதுன்னா பெரும்பாலும் எலும்பைத் தின்னும், டிஸ்க்கை விட்டுடும், இன்ஃபெக்ஷன் டிஸ்க்கையும் சேத்துத் தின்னும். முதுகெலும்பு டிபி இதுலயும் கொஞ்சம் வேற மாதிரி, டிஸ்க்கை ரொம்ப நாள் விட்டு வச்சுட்டு எலும்பு ஓரமாவே கீழ எறங்கிப் பக்கத்துல பெருசா சீழ் கட்டும்.

இப்போ ரெண்டாவது சாதிக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

உருவத்தை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாத நேரம் நெறைய வரும். கல்லீரல்லயும் கிட்னியிலயும் பரம்பரைக் கோளாறால டஜன் கணக்குல நீர்க்கட்டி இருக்கிற ஒருத்தருக்குக் காய்ச்சல் வருதுன்னு வைங்க, சிடி எடுத்தா எல்லாக் கட்டியும் ஒண்ணு போலத்தான் இருக்கும், அதுல எதுக்குள்ள கிருமி பூந்திருக்குன்னு எப்படிச் சொல்றது? அந்த நேரம் பெட்டையும் சிடியையும் சேத்து எடுக்கிற பெட் சிடி எடுத்தா இருவது முப்பது கட்டியில ஒரே ஒரு கட்டி மட்டும் ஓரத்துல விளக்கு போட்ட மாதிரி எரியும். உருவம் எல்லாம் ஒண்ணுதான், வேலை நடக்குறது ஒரு எடத்துலதான்.

அந்த விளக்கு எப்படி எரியுதுன்னா, சர்க்கரை மாதிரியே இருக்கிற எஃப்டிஜின்னு ஒரு பொருள்ல ஃப்ளூரின் 18னு ஒரு கதிரியக்க அணுவை ஒட்டி ஊசி போடுவாங்க. சண்டையில இருக்கிற வெள்ளை அணுவுக்குச் சர்க்கரை வெறி, அதனால இதையும் சர்க்கரைன்னு நெனச்சு உள்ள இழுத்துக்கும், முதல் படி செரிமானமும் பண்ணும், அடுத்த படிக்கு அது போகாது, வெளியவும் வர முடியாம உள்ளயே மாட்டிக்கும். எங்க நெறைய மாட்டிக்கிச்சோ அங்க கேமரால வெளிச்சமா தெரியும். ஃப்ளூரின் 18 ஒவ்வொரு 110 நிமிஷத்துக்கும் பாதியாகும், அதனால ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் படம் எடுத்துடுவாங்க.

அந்த ஒரு மணி நேரம் இருக்கே, அதுதான் புதுசா போறவங்களுக்கு வினோதமா இருக்கும். விளக்கு மங்கலா வச்ச ஒரு ரூம்ல கம்பளி போத்திப் படுக்க வச்சுட்டு, பேசாதீங்க, எதையும் மெல்லாதீங்க, எந்திரிச்சு நடக்காதீங்க, ஃபோனும் வேணாம்னுட்டுப் போயிடுவாங்க. என்னடா இது தண்டனைன்னு தோணும், ஆனா காரணம் இருக்கு. தசை வேலை செஞ்சா அதுவும் சர்க்கரை தின்னும், பேசினா தொண்டைத் தசை வெளிச்சமா வந்துடும், குளிர்ல நடுங்கினா கழுத்துல தோள்ல இருக்கிற ஒருவித கொழுப்பு சூடு உண்டாக்க சர்க்கரையை எரிச்சு அதுவும் வெளிச்சமா வந்துடும், அப்புறம் எது நோய் எது நடுக்கம்னு டாக்டர் பிரிச்சுப் பாக்கணும். ஆறு மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்றதும் இதுக்குத்தான், சாப்பிட்டா இன்சுலின் சுரக்கும், அது மருந்தைத் தசைக்குள்ள தள்ளிடும். இதய வால்வுல சந்தேகம்னா இன்னும் கடினம், முந்தின நாளே மாவுச்சத்து இல்லாம கொழுப்பு கூடின சாப்பாடு சாப்பிட்டு, அதுக்கப்புறம் நீண்ட பட்டினி இருக்கணும், அப்பத்தான் இதயத் தசை சர்க்கரையை விட்டுட்டு கொழுப்புக்கு மாறும், மாறலன்னா இதயம் முழுக்க எரிஞ்சு வால்வு ஓரத்துல இருக்கிற சின்ன வெளிச்சம் அதுல முங்கிப் போயிடும். நர்ஸ் சொன்ன சாப்பாட்டு முறையை மீறிட்டோம்னா தயவுசெஞ்சு ஒளிக்காம சொல்லிடுங்க, ஸ்கேனை இன்னொரு நாள் வச்சுக்கலாம், தப்பான படத்தை வச்சு முடிவெடுக்கிறதுதான் ஆபத்து.

இதுல ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. எஃப்டிஜியை மனுஷனுக்கு முதல்ல குடுத்தது 1976ல, அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல, மூளை சர்க்கரையை எப்படிச் செலவு பண்ணுதுன்னு பாக்க. பிறகு புற்றுநோய் தேட அது பெருசாப் பயன்பட்டுச்சு. புற்றுநோய் தேடுறவங்களுக்கு இன்ஃபெக்ஷன் ஒரு தொல்லை, கட்டின்னு நெனச்சா சீழா இருக்கும், டிபியா இருக்கும், அதைத் தப்பான பாசிட்டிவ்னு ஒதுக்கினாங்க. அந்தத் தொல்லையைத்தான் இன்ஃபெக்ஷன் தேடுறவங்க நமக்கு வேண்டியதே இதுதானேன்னு எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி காலியம் 67ங்கிற கதிரியக்க மருந்துக்கும் இதே கதைதான் நடந்துச்சு, புற்றுநோய்க் கட்டி தேட வந்த மருந்து, இன்ஃபெக்ஷன் இருக்கிற எடத்துலயும் போய் ஒட்டிக்கிச்சு. உடம்பு காலியத்தை இரும்புன்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போகும், கிருமிக்கும் இரும்பு வேணும், வெள்ளை அணுவும் இரும்பைப் பிடிச்சு வைக்கும், அதனால அங்க சேரும். ஆனா படம் எடுக்க ரெண்டு மூணு நாள் காத்திருக்கணும், படமும் மங்கல், அதனால பெட் இருக்கிற எடத்துல இப்ப இதை ரொம்பக் குறைச்சுட்டாங்க.

வெள்ளை அணு ஸ்கேன் வேற லெவல் யோசனை. உங்க சொந்த வெள்ளை அணுக்களையே துப்பறிய அனுப்புறது. கையில கிட்டத்தட்ட 40, 50 மில்லி ரத்தம் எடுத்து, சிரிஞ்சை நிமித்தி வச்சு சிவப்பு அணுக்கள் அடியில படியற வரைக்கும் விடுவாங்க, மேல நிக்கிற கலங்கலை எடுத்துச் சுழல்விட்டா வெள்ளை அணுக்கள் அடியில ஒரு சின்னப் பொட்டு மாதிரி சேரும், அதுல இண்டியம் 111 இல்லன்னா டெக்னீசியம் 99எம்ங்கிற கதிரியக்கப் பொருளைக் கலந்து, ஒட்டாம மிச்சம் இருக்கிறதைக் கழுவி, உங்க பிளாஸ்மாவுலயே கலக்கி, திரும்ப உங்க நரம்புலயே ஏத்திடுவாங்க. ரெண்டு மூணு மணி நேர வேலை. ஒருத்தரோட ரத்தம் இன்னொருத்தருக்குப் போயிடக் கூடாதுன்னு ஒவ்வொரு படியிலயும் பேரையும் நம்பரையும் சரிபாப்பாங்க, உங்ககிட்டயே நாலு தடவை பேர் கேட்டா எரிச்சல் படாதீங்க.

அப்புறம் ஒரு மணி நேரத்துல ஒரு படம், மூணு நாலு மணி நேரத்துல ஒண்ணு, மறுநாள் ஒண்ணு எடுப்பாங்க. கிருமி உக்காந்த எடத்துல வெள்ளை அணு நேரம் ஆக ஆக வந்து குவிஞ்சுட்டே இருக்கும், வெளிச்சம் ஏறும். வெறும் வீக்கம்னா அந்த அளவுலயே நிக்கும், இல்ல குறையும். இந்த ஏத்தம் எறக்கம்தான் பெட் ஸ்கேன்ல இல்லாத ஒரு துப்பு. செயற்கை மூட்டு வச்சவங்களுக்கு வலி வந்தா இது ரொம்ப உதவும், மூட்டு லேசா தளர்ந்து போச்சா இல்ல கிருமி பூந்துடுச்சான்னு பிரிச்சே ஆகணும், ஏன்னா ரெண்டுக்கும் ஆபரேஷன் வேற. அதுலயும் ஒரு சிக்கல், வெள்ளை அணு இயல்பாவே எலும்பு மஜ்ஜைக்குப் போகும், மூட்டு வச்ச பிறகு மஜ்ஜை எடம் மாறி இருக்கலாம், அதனால மஜ்ஜையை மட்டும் காட்டுற இன்னொரு ஸ்கேனையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. வெள்ளை அணு இருக்கு, மஜ்ஜை இல்லன்னா, அங்க இன்ஃபெக்ஷன்னு கிட்டத்தட்ட உறுதி.

இவ்வளவு நல்ல ஸ்கேன் முதுகெலும்புல கோட்டை விடும். அங்க வெள்ளை அணு சரியா போய்ச் சேராம, வெளிச்சத்துக்குப் பதிலா இருட்டா ஒரு ஓட்டை மாதிரி தெரியும், அந்த இருட்டு வேற பல காரணத்துலயும் வரும். அதனால முதுகுக்கு எம்ஆர்ஐ, அது எடுக்க முடியாதவங்களுக்கு பெட். பெட்டுக்கும் கண்ணு தெரியாத எடம் உண்டு. மூளை எப்பவும் சர்க்கரை தின்னும், அதனால மூளை முழுக்க எரியும், உள்ள சீழ் இருந்தாலும் பிரிஞ்சு தெரியாது, அதுக்கு எம்ஆர்ஐதான். மருந்து யூரின்ல வெளியேறுறதால கிட்னியும் மூத்திரப் பையும் எரியும். பேஸ்மேக்கர், செயற்கை வால்வு மாதிரி உலோகம் இருந்தா, கம்ப்யூட்டர் படத்தைத் திருத்துறப்ப உலோகத்தைச் சுத்திப் பொய்யா ஒரு வெளிச்சத்தைச் சேத்துடும், அதனால அனுபவசாலி டாக்டர் திருத்தாத படத்தையும் திறந்து பாத்துட்டுத்தான் எழுதுவார். இதய வால்வு இன்ஃபெக்ஷனைக் கண்டுபிடிக்க டாக்டருங்க பயன்படுத்துற ட்யூக் அளவுகோல்ல 2023ல இந்த பெட் சிடியையும் முக்கியமான ஆதாரமாச் சேத்துக்கிட்டாங்க, எக்கோவுல, அதாவது இதய அல்ட்ராசவுண்ட்ல, தெளிவாத் தெரியாதவங்களுக்கு இது பெரிய உதவி.

ரிப்போர்ட்டைக் கையில வாங்கினதும் எல்லாரும் முதல்ல தேடுறது எஸ்யூவின்னு ஒரு நம்பரை. அது மருந்து எவ்வளவு சேந்துச்சுங்கிற அளவு, அவ்வளவுதான். இத்தனைக்கு மேல போனா கேன்சர், கீழ இருந்தா இன்ஃபெக்ஷன்னு ஒரு கோடு கிடையாது. டிபி நெறிக்கட்டியும் லிம்போமாங்கிற நெறிப் புற்றுநோயும் ஒரே மாதிரி எரியும், நம்பரை மட்டும் பாத்துட்டு ராத்திரி முழுக்க தூங்காம கிடக்கிறவங்களை நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. ஸ்கேன் அங்க செய்யிற உதவி வேற: நெஞ்சுக்கு நடுவுல ஊசி போக முடியாத எடத்துல ஒரு கட்டி எரியுது, அதே படத்துல கழுத்தோரமா கைக்கு எட்டுற ஒரு சின்ன நெறியும் எரியுதுன்னு காட்டும், அதுலேந்து சதை எடுத்தா போதும், விடை வந்துடும்.

அந்தச் சதையோ சீழோ லேபுக்குப் போய், கிருமியை வளத்துப் பாக்குற கல்ச்சர்ல வளந்தாத்தான் கிருமியோட பேரும், அதை எந்த மருந்து கொல்லும்ங்கிறதும் தெரியும். முதுகெலும்பு இன்ஃபெக்ஷன்ல நோயாளியோட நிலைமை மோசமில்லாம இருந்தா ஊசி போட்டு சாம்பிள் எடுக்கிற வரைக்கும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைப்பாங்க, "இன்ஃபெக்ஷன்னு தெரிஞ்சும் மருந்து குடுக்காம இருக்காங்களே"ன்னு வீட்டுக்காரங்க பதறுவாங்க, பதற வேண்டாம், மருந்து உள்ள போயிட்டா கல்ச்சர்ல ஒண்ணும் வளராமப் போற வாய்ப்பு அதிகம், பிறகு குருட்டாம்போக்குல மாசக்கணக்கா வைத்தியம் பாக்கணும்.

போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட வாய் விட்டுச் சொல்ல வேண்டியது சிலது இருக்கு. கர்ப்பமா இருக்கலாம்னு சின்ன சந்தேகம் இருந்தாலும், பால் குடுக்கிறவங்களா இருந்தாலும் சொல்லணும். கிட்னி சரியில்லன்னா கான்ட்ராஸ்ட் விஷயத்துல யோசிப்பாங்க. உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், கிளிப், காதுக்குள்ள வச்ச கருவி எது இருந்தாலும் எம்ஆர்ஐ ரூமுக்கு வெளியவே சொல்லிடணும். மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக் குடல் முழுக்க பெட்ல எரியும், அதை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டர் சொல்லுவார், நீங்களா நிறுத்திடாதீங்க. சமீபத்துல ஆபரேஷன் நடந்திருந்தா அந்தத் தேதியைச் சொல்லுங்க, ஆறிட்டு வர்ற காயமும் சர்க்கரை தின்னும், சில மாசம் வரைக்கும் வெளிச்சம் காட்டும். கதிர்வீச்சைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க: பூமியிலயே இயற்கையா நமக்கு வருஷத்துக்குச் சராசரியா 2.4 மில்லிசீவர்ட் கிடைக்குது, ஒரு வயித்து சிடி சுமாரா 8லேந்து 10. காரணம் இருந்தா தயங்க வேண்டாம், காரணம் இல்லாம மனசு சமாதானத்துக்கு எடுக்க வேண்டாம்.

ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா? அதுவும் ஒரு தகவல்தான், ஆனா யாருக்கு வந்துச்சுன்னு பாக்கணும். கீமோ எடுத்து வெள்ளை அணு ரொம்பக் கொறைஞ்சவங்களுக்குச் சண்டை போடவே ஆள் இல்ல, சீழ் கூட ஒழுங்காக் கட்டாது, அதனால ஸ்கேன் சுத்தமா வந்தாலும் டாக்டர் விட மாட்டார். அதுக்கு நேர் மாறா, முதுகெலும்பு இன்ஃபெக்ஷன்ல மருந்து வேலை செஞ்சு வலி குறைஞ்சு சிஆர்பியும் எறங்கிட்டு இருக்கிறப்ப எம்ஆர்ஐ எடுத்தா, படம் முன்னாடியை விட மோசமாத் தெரியலாம், எலும்பு ஆறி வர்றதுக்கு அவ்வளவு நாள் ஆகும். அங்க படத்தை விட ஆளைத்தான் நம்புவாங்க.

கிருமியையே நேரடியாப் பாக்க ஒரு வழி இல்லையான்னா, தேடிட்டுத்தான் இருக்காங்க. சார்பிட்டால்னு ஒரு சர்க்கரை வகை இருக்கு, நம்ம செல்லுங்க அதை அவ்வளவாச் சீண்டாது, ஆனா ஈ கோலை, க்ளெப்சியெல்லா குடும்பத்துக் கிருமிங்களுக்கு அது நல்ல சாப்பாடு. அதுல அதே ஃப்ளூரின் 18ஐ ஒட்டி 2014ல எலிகளுக்குக் குடுத்துப் பாத்தப்ப, கிருமி உயிரோட இருந்த தசை எரிஞ்சுது, வெறும் வீக்கம் மட்டும் இருந்த தசை எரியல. பிறகு மனுஷங்களுக்கும் குடுத்துப் பாத்துட்டாங்க, ஆனா அது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்து சேரல.